மூலம் என்று சொல்லி அனுப்பினார்கள்



மலத்தைப் பற்றி நம் அளவுக்குப் பேசியவர்கள் இந்த நாட்டில் குறைவு. மலக்குழிச் சாவுகளுக்காகத் துண்டறிக்கை அடித்திருக்கிறோம். கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பிரிவு பிரிவாகப் படித்து வகுப்பு எடுத்திருக்கிறோம். 2022 டிசம்பரில் வேங்கைவயல் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்த செய்தி வந்ததும் தெருவுக்கு வந்தோம். ஆனால் நம் சொந்த உடம்பிலிருந்து போகிற மலத்தைப் பற்றி மட்டும் நம் வீடுகளில் பேச்சே கிடையாது. அதில் இரத்தம் வந்தால் யாரிடம் சொல்வது, எங்கே போவது என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்த மீதிப் பேருக்கு வெட்கம்.

இந்தப் பதிவு பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் பற்றியது. நான் மருத்துவர் இல்லை. என் அம்மாவின் தங்கைக்கு இந்த நோய் வந்தது. மூன்று வருடம் அவர் கூடவே ஆஸ்பத்திரி வராந்தாக்களில் உட்கார்ந்திருந்ததில் கற்றுக்கொண்டதையும், பிறகு தேடிப் படித்ததையும் எழுதுகிறேன். இதைப் படிக்கிற உங்களில் பலர் கல்லூரி மாணவர்கள். வீட்டில் முதல் பட்டதாரிகள். அம்மா அப்பாவின் மருந்துச் சீட்டைப் படித்துச் சொல்வது நீங்கள்தான். அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

முதலில் நோயைப் புரிந்துகொள்வோம். சிறுகுடல் முடிந்த இடத்தில் பெருங்குடல் தொடங்குகிறது. ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் நீளம். அதன் கடைசிப் பகுதி மலக்குடல். இந்தக் குடலின் உள்சுவரில் சிலருக்கு மரு போலச் சின்னச் சின்ன வளர்ச்சிகள் வரும். பாலிப் என்பார்கள். பெரும்பாலான பாலிப்புகள் ஒன்றும் செய்வதில்லை. சில மட்டும் மெல்ல மெல்ல மாறிப் புற்றுநோய் ஆகின்றன. அப்படி மாறுவதற்குப் பெரும்பாலும் 10 வருடம் போல ஆகிறது. இதுதான் இந்த நோயில் மனதில் வைக்க வேண்டிய முதல் விஷயம். 10 வருடம் என்பது நீண்ட காலம். அதற்குள் பாலிப்பைக் கண்டுபிடித்து எடுத்துவிட்டால் நோயே வராது. நோய் வந்தபின்னும் குடலைத் தாண்டாத நிலையில் கண்டுபிடித்தால், அமெரிக்கக் கணக்குப்படி 10 பேரில் 9 பேர் ஐந்து வருடம் தாண்டி உயிரோடு இருக்கிறார்கள். கல்லீரல், நுரையீரல் என்று பரவியபின் கண்டுபிடித்தால் 10 பேரில் ஒருவரோ இருவரோதான். நோய் ஒன்றுதான். எப்போது கண்டுபிடிக்கிறார்கள் என்பதில்தான் இவ்வளவு வித்தியாசம். அந்த 'எப்போது' என்பதற்குள் சாதி உட்கார்ந்திருக்கிறது.

சின்னம்மாவுக்கு அப்போது 44 வயது. விழுப்புரம் பக்கம் கிராமம். நடவு, களையெடுப்பு, கரும்பு வெட்டு, மற்ற நாளில் நூறு நாள் வேலை. வீட்டில் கழிப்பறை என்று ஒன்று கட்டிக் கொடுத்திருந்தார்கள். தண்ணீர் கிடையாது, அதில் விறகு அடுக்கியிருந்தது. விடியும் முன் இருட்டில் ஏரிக்கரைக்குப் போய்வருவார். இருட்டில் போகிறவளுக்குத் தன் மலத்தில் இரத்தம் இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? "மலத்தின் நிறம் மாறினால் கவனியுங்கள்" என்று விழிப்புணர்வுப் பலகை எழுதுகிறவர்கள் இதை யோசித்திருக்க மாட்டார்கள்.

புடவையில் கறை பட்ட பிறகுதான் சின்னம்மாவுக்குத் தெரிந்தது. மாதவிலக்கு முன்பின்னாக வருகிறது என்று நினைத்துக்கொண்டார். பிறகு சூடு என்றார்கள். வெந்தயம் ஊறவைத்துத் தின்றார், மோர் குடித்தார். மருந்துக்கடையில் நாலு நாள் மாத்திரை வாங்கினார். அதன்பின் பக்கத்து ஊர்த் தனியார் கிளினிக். அங்கே இருந்தவர் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தபடியே கேட்டார்: "எந்த ஊரும்மா? காலனியா?" இரண்டாவது கேள்வி, "எத்தனை நாளா?" மூன்றாவது கேள்வி இல்லை. மூலம் என்று எழுதிக் களிம்பு கொடுத்தார். தொட்டுப் பார்க்கவில்லை.

பேருந்து நிலையச் சுவரெல்லாம் 'மூலம், பவுத்திரம், ஆபரேஷன் இல்லாமல் குணம்' என்று ஒட்டியிருப்பார்களே, அப்படி ஓர் இடத்துக்கும் போனார். ஊசி போட்டார்கள். இரண்டு வாரக் கூலி அங்கே போனது. இதற்கிடையில் மூச்சு வாங்குகிறது, நாற்றைத் தூக்கிக்கொண்டு வரப்பில் நடக்க முடியவில்லை என்று ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனபோது, இரத்தம் குறைவு என்று இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தார்கள். அந்த மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுப்பாகப் போகும். இருந்த ஒரு அடையாளமும் அதோடு மறைந்தது.

இப்படிப் பதினோரு மாதம். கடைசியில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், பயிற்சி மருத்துவராக இருந்த ஓர் இளம்பெண், திரையை இழுத்துவிட்டு, "பக்கவாட்டுல திரும்பிப் படுங்கம்மா, கொஞ்சம் சிரமமா இருக்கும், பொறுத்துக்குங்க" என்று சொல்லி, கையுறை மாட்டி விரலால் பரிசோதித்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கட்டி விரலுக்குத் தட்டுப்பட்டது. பதினோரு மாதத்தில் சின்னம்மாவைத் தொட்டுப் பார்த்த முதல் மருத்துவர் அவர்தான்.

மலக்குடலில் வரும் கட்டிகளில் கணிசமானவை விரல் எட்டும் தூரத்திலேயே இருக்கின்றன என்று பிறகு படித்தேன். இயந்திரம் வேண்டாம், ஸ்கேன் வேண்டாம். ஒரு கையுறை, கொஞ்சம் களிம்பு, ஒரு விரல். மருத்துவக் கல்லூரியில் எல்லோருக்கும் சொல்லித் தருகிற பரிசோதனை இது. தீண்டாமையைப் பற்றிப் பேசும்போது கோயில், டீக்கடை, சுடுகாடு என்று பட்டியல் போடுகிறோம். மருத்துவர் மேசையையும் அந்தப் பட்டியலில் சேருங்கள். எல்லா மருத்துவரும் சாதி பார்த்துத்தான் தொடாமல் இருக்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. ஒரு நாளைக்கு 200 பேரைப் பார்க்கிறவருக்கு நேரம் இல்லை. மறைவான அறை இல்லை. உதவிக்கு ஒரு செவிலியர் இல்லை. ஆனால் நேரம் இல்லாதபோது யாருடைய பரிசோதனை முதலில் விட்டுப்போகிறது என்று பாருங்கள். காரும் ஆங்கிலமுமாக வருகிறவருடையது விட்டுப்போவதில்லை.

இரத்தசோகை பற்றியும் ஒரு வார்த்தை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. இவ்வளவு பேருக்கு இருப்பதால் அது நோயாகவே யாருக்கும் தெரிவதில்லை. கூலிக்காரப் பெண் என்றால் இரத்தம் குறைவாகத்தான் இருக்கும் என்று மாத்திரையை நீட்டிவிடுகிறார்கள். பெருங்குடலின் வலப்பக்கத்தில் கட்டி வந்தால் பலருக்கு இரத்தம் கண்ணுக்கே தெரியாது. துளித்துளியாகக் கசிந்து இரத்தசோகை மட்டும்தான் வெளியே தெரியும். ஆண்களுக்கு இரும்புச்சத்துக் குறைவால் இரத்தசோகை வந்தாலோ, மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கு வந்தாலோ, குடலில் எங்காவது இரத்தம் கசிகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். இது மருத்துவப் பாடம். நம் பெண்களுக்கு அந்தப் பாடம் போய்ச் சேர்வதில்லை.

சரி, யாருக்கு வரும்? வயது முதல் காரணம். 50 தாண்டியவர்களுக்கு அதிகம். ஆனால் இந்தியாவில் அதை மட்டும் நம்பக்கூடாது. மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் ஒரே வருடத்தில் வந்த 800 நோயாளிகளைக் கணக்கெடுத்தபோது சராசரி வயது 47. இந்தியாவில் இந்த நோயின் விகிதம் மேலைநாடுகளைவிடப் பல மடங்கு குறைவு என்பது உண்மை. வருகிறவர்களில் இளம் வயதுக்காரர்கள் நிறைய என்பதும் உண்மை. அமெரிக்காவிலும் இளையவர்களிடம் கூடுகிறது. 1950 வாக்கில் பிறந்தவர்கள் உங்கள் வயதில் இருந்தபோது அவர்களுக்கு இருந்த அபாயத்தைவிட, 1990 வாக்கில் பிறந்தவர்களுக்குப் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் இரண்டு மடங்கு, மலக்குடல் புற்றுநோய் அபாயம் நான்கு மடங்கு என்று 2017-இல் வந்த ஆய்வு சொன்னது. அதற்காக 22 வயதில் பயந்துகொண்டு திரிய வேண்டாம். "சின்ன வயசு, கேன்சரா இருக்காது" என்று ஒருவர் சொல்லி அனுப்பினால் அதை மட்டும் ஏற்காதீர்கள்.

இரண்டாவது, குடும்பம். அம்மா, அப்பா, உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகியோரில் ஒருவருக்கு வந்திருந்தால் அபாயம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அப்படிப்பட்டவர்கள் 40 வயதில், அல்லது உறவினருக்கு நோய் தெரிந்த வயதுக்கு 10 வருடம் முன்பே, இரண்டில் எது முந்தியதோ அப்போது கொலோனோஸ்கோபி பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது பொதுவான வழிகாட்டுதல். சின்னம்மாவின் பிள்ளைகள் 34-இல் தொடங்க வேண்டும். லிஞ்ச் சின்ட்ரோம் போன்ற பரம்பரை மரபணு மாற்றம் உள்ள குடும்பங்களில் இன்னும் முன்பே. மூன்றாவது, குடலில் நீண்டநாள் அழற்சி நோய் உள்ளவர்கள். நான்காவது, சாராயம், புகையிலை, உடல்பருமன், சர்க்கரை நோய், உடலுழைப்பு இல்லாமை, நார்ச்சத்து குறைந்த சாப்பாடு.

இந்த நான்காவது பட்டியலை நம்மிடம் எப்படிச் சொல்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும். "குடிக்கிறீங்க, கண்டதையும் தின்றீங்க, அதான் வருது." சாராயம் குடல் புற்றுநோய்க்கு ஒரு காரணம் என்பதில் சந்தேகம் இல்லை. நம் சேரிகளில் குடியை எதிர்த்துப் பேச இது இன்னொரு காரணம். ஆனால் கடையைத் திறந்து வைத்திருப்பது அரசு என்பதையும் சேர்த்தே பேசுவோம்.

கறி விஷயத்துக்கு வருகிறேன். "மாட்டுக்கறி தின்றால் கேன்சர் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டது" என்று கல்லூரி விடுதிகளில் சொல்லக் கேட்டிருப்பீர்கள். என்ன சொன்னார்கள் என்று முழுதாகத் தெரிந்துகொள்ளுங்கள். 2015-இல் அந்த நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை இரண்டு விஷயம் சொன்னது. சாசேஜ், பேக்கன் போலப் பதப்படுத்திய இறைச்சி புற்றுநோய் உண்டாக்கும் என்பது உறுதி. சிவப்பு இறைச்சி உண்டாக்கக்கூடும். இதில் சிவப்பு இறைச்சி என்றால் மாடு மட்டும் இல்லை. ஆடு, பன்றி எல்லாம் சேர்த்துத்தான். ஞாயிற்றுக்கிழமை மட்டன் பிரியாணிக்கும் அதே பட்டியல்தான். ஆட்டுக்கறிக்கு யாரும் இந்த அறிக்கையைக் காட்டி எச்சரிப்பதில்லை. மாட்டுக்கறிக்கு மட்டும் காட்டுகிறார்கள் என்றால் பேச்சு குடலைப் பற்றியது இல்லை.

அளவையும் பாருங்கள். தினமும் 50 கிராம் பதப்படுத்திய இறைச்சி சாப்பிட்டால் அபாயம் 18 சதவீதம் கூடுகிறது என்றது அந்த அறிக்கை. 18 சதவீதம் என்றதும் 100 பேரில் 18 பேருக்கு வரும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. 100 பேரில் 5 பேருக்கு வரும் இடத்தில் ஏறக்குறைய 6 பேருக்கு வரும், அவ்வளவுதான். அதுவும் தினமும் சாப்பிட்டால். வாரம் ஒருமுறை கறி எடுக்கிற வீட்டுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. அதே நேரம் நாமும் நேர்மையாக இருக்க வேண்டும். உப்புக்கண்டம் உப்பிட்டுப் பதப்படுத்துவது. முகமையின் வரையறைக்குள் அதுவும் வரும். மழைக்காலத்தில் நாலு நாள் சாப்பிடுகிற பண்டம் என்பதால் பயப்பட வேண்டியதில்லை. தினமும் வேண்டாம் என்று தெரிந்துவைத்தால் போதும். நம் உணவை மற்றவர் கேவலப்படுத்துவதை எதிர்ப்போம், அறிவியலையும் மறுக்க மாட்டோம். இரண்டும் ஒன்றாகச் செய்யக்கூடியதுதான்.

சாப்பாடு எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஓர் ஆய்வு சொல்கிறேன். அமெரிக்கக் கறுப்பின மக்களிடம் இந்த நோய் அதிகம். தென்னாப்பிரிக்கக் கிராமங்களில் வாழும் கறுப்பின மக்களிடம் மிக அரிது. 2015-இல் ஆய்வாளர்கள் இந்தப் பக்கம் 20 பேர், அந்தப் பக்கம் 20 பேர் எடுத்து, இரண்டு வாரம் சாப்பாட்டை மாற்றிக் கொடுத்தார்கள். அமெரிக்கர்களுக்குச் சோளக் கூழும் பயறும்; ஆப்பிரிக்கர்களுக்குக் கொழுப்பும் இறைச்சியும் மிகுந்த பர்கர் வகைச் சாப்பாடு. இரண்டே வாரத்தில் குடல் சுவரின் அழற்சி அடையாளங்கள் இடம் மாறின. நார்ச்சத்துச் சாப்பாட்டுக்கு மாறியவர்களுக்குக் குறைந்தது, மற்றவர்களுக்குக் கூடியது. இரத்தத்திலோ இனத்திலோ இருப்பதாகச் சொல்லப்பட்ட ஒன்று சாப்பாட்டுத் தட்டில் இருந்தது. நம் பாட்டிமார்களின் கேழ்வரகுக் களி, கம்பங்கூழ், வரப்புக் கீரை, மொச்சை, காராமணி எல்லாம் நார்ச்சத்துதான். இன்று சிறுதானியம் பணக்காரர்களின் கடையில் பொட்டலம் கட்டி விற்கிறது, நம் வீட்டில் ரேஷன் அரிசி மட்டும் மிஞ்சியது. கிடைக்கும்போது கீரையும் பயறும் சேருங்கள் என்று வீட்டில் சொல்லுங்கள். ரேஷனில் கேழ்வரகும் பயறும் கேட்பதை நம் கோரிக்கைகளில் சேர்ப்போம்.

கறுப்பின மக்களைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 'பிளாக் பாந்தர்' படத்தில் நடித்த சாட்விக் போஸ்மேன் 2020 ஆகஸ்ட் 28 அன்று இறந்தார். வயது 43. நோய் பெருங்குடல் புற்றுநோய். 2016-இல் மூன்றாம் நிலையில் தெரியவந்திருக்கிறது. யாரிடமும் சொல்லாமல் சிகிச்சைக்கு நடுவே நடித்திருக்கிறார். அந்த நாட்டில் வெள்ளையரைவிடக் கறுப்பின மக்களுக்கு இந்த நோய் வருவது ஏறக்குறைய 20 சதவீதம் அதிகம். இதனால் சாவது ஏறக்குறைய 40 சதவீதம் அதிகம். வருவதில் உள்ள இடைவெளியைவிடச் சாவதில் உள்ள இடைவெளி பெரிது. வந்தபின் கவனிப்பு கிடைப்பதில்லை என்றுதான் அதற்கு அர்த்தம்.

இதை மாற்ற முடியுமா என்றால், டெலவேர் என்ற சின்ன மாநிலம் மாற்றிக் காட்டியது. 2002 வாக்கில் தொடங்கினார்கள். காப்பீடு இல்லாதவர்களுக்குப் பரிசோதனை இலவசம். நோய் தெரிந்தால் இரண்டு வருடம் வரை சிகிச்சைச் செலவு அரசுடையது. மருத்துவமனைகளில் வழிகாட்டும் செவிலியர்களை நியமித்தார்கள். நாள் குறித்துக் கொடுப்பது, வண்டி ஏற்பாடு, பயத்தைப் போக்குவது, கூடவே வருவது எல்லாம் அவர்கள் வேலை. கறுப்பின மக்களைத் தேடிப்போய் அழைத்தார்கள். 2001-இல் கறுப்பின மக்களில் 48 சதவீதம் பேர்தான் பரிசோதனை செய்திருந்தார்கள். 2009-இல் 74 சதவீதம், வெள்ளையருக்குச் சமம். கறுப்பின மக்களிடம் இந்த நோயால் சாவது 42 சதவீதம் குறைந்தது. சாவில் இருந்த இடைவெளி ஏறக்குறைய மூடிவிட்டது. புது மருந்து எதுவும் கண்டுபிடிக்கவில்லை. இருந்ததையே எல்லோருக்கும் கொண்டு சேர்த்தார்கள்.

நம் நாட்டுக்கு வருவோம். அரசின் தொற்றாநோய்த் திட்டத்தில் வாய், மார்பகம், கருப்பைவாய் என மூன்று புற்றுநோய்களுக்குப் பரிசோதனை உண்டு. குடல் புற்றுநோய் அதில் இல்லை. மொத்த மக்களிடம் விகிதம் குறைவு என்பதால் எல்லோருக்கும் கொலோனோஸ்கோபி செய்ய முடியாது என்பது நியாயமான வாதம். ஆனால் இரத்தம் போகிறது என்று வந்து நிற்பவரை விரலால் பரிசோதிப்பதற்கு எந்தப் பெரிய திட்டமும் வேண்டியதில்லை. மலத்தில் கண்ணுக்குத் தெரியாத இரத்தத்தைக் காட்டும் எளிய பரிசோதனை ஒன்று இருக்கிறது. பிரிட்டனில் அதை வீட்டுக்கே தபாலில் அனுப்புகிறார்கள். இங்கே மக்களைத் தேடி மருத்துவம் என்று 2021 ஆகஸ்டிலிருந்து வீடு வீடாகச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்க்கிற ஏற்பாடு இருக்கிறது. அவர்கள் கையில் இரண்டு கேள்வி கூடுதலாகக் கொடுக்கலாம்: மலத்தில் இரத்தம் போகிறதா? குடும்பத்தில் யாருக்காவது குடல் கேன்சர் இருந்ததா?

தலித் பெண்கள் மேல்சாதிப் பெண்களைவிடச் சராசரியாக 14.6 வருடம் முன்னதாக இறக்கிறார்கள் என்று 2018-இல் ஐ.நா. பெண்கள் அமைப்பின் அறிக்கை சொன்னது. இந்த 14.6 வருடமும் ஒரே நாளில் பறிபோவதில்லை. பதினோரு மாதம் இங்கே, ஆறு மாதம் அங்கே என்று, மூலம் என்றும் சூடு என்றும் இரத்தசோகை என்றும் எழுதித்தந்த சீட்டுகளில் போகிறது.

சின்னம்மாவுக்குப் பயாப்சி, ஸ்கேன் எல்லாம் பார்த்து மூன்றாம் நிலை என்றார்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எடுக்க வருமானச் சான்றுக்கு கிராம நிர்வாக அலுவலரிடம் மூன்று நாள் அலைந்தோம். அட்டை வந்தபின் கதிர்வீச்சும் கீமோவும் அறுவை சிகிச்சையும் காசில்லாமல் நடந்தன. இதைச் சொல்லியே ஆக வேண்டும். போராடிப் பெற்ற பொதுமருத்துவம் இல்லையென்றால் அவர் இன்று இல்லை. ஆனால் ஆறு மாதக் கூலி, பேருந்துக் காசு, கூட இருப்பவர் சாப்பாடு இவையெல்லாம் எந்த அட்டையிலும் இல்லை. அறுவை சிகிச்சையில் மலக்குடலை எடுத்துவிட்டு, வயிற்றில் ஒரு வழி வைத்துப் பை மாட்டினார்கள். முன்னமே வந்திருந்தால் பை இல்லாமல் முடிந்திருக்கலாம் என்றார் மருத்துவர். பைகளை நாங்கள் மருந்துக்கடையில் காசு கொடுத்துத்தான் வாங்குகிறோம். கழுவிக் கழுவிச் சின்னம்மா ஒன்றையே பல நாள் ஓட்டுகிறார்.

வீட்டுக்கு வந்தபின் நடந்ததையும் மறைக்கக்கூடாது. சொந்தக்கார வீட்டு மஞ்சள்நீர் விழாவில் சின்னம்மாவைப் பந்தியில் கடைசியில், தனியாக உட்காரவைத்தார்கள். "நாத்தம் வரும்" என்று காதுபடச் சொன்னார்கள். நாற்றம் எதுவும் வரவில்லை. ஊர்த்தெரு நம்மிடம் காட்டிய அதே முகச்சுளிப்பு, நம் தெருவுக்குள் நம்மவர் மேலேயே. சின்னம்மா அழவில்லை. எழுந்துவந்து என்னிடம், "பாப்பா, இவங்க வயித்துலயும் இதேதான் இருக்கு. எனக்கு வெளிய இருக்கு, அவங்களுக்கு உள்ள இருக்கு. அவ்ளோதான் வித்தியாசம்" என்றார். சாதியைப் பற்றி நான் கேட்ட எந்த உரையிலும் இவ்வளவு தெளிவாக யாரும் சொன்னதில்லை.

என் அம்மாவுக்கு 51. சின்னம்மாவின் உடன்பிறந்தவர் என்பதால் கொலோனோஸ்கோபி பார்க்க வேண்டும் என்றார்கள். முதலில் மறுத்தார். "எனக்கு ஒண்ணும் இல்ல, எதுக்கு அந்த மானக்கேடு" என்றார். சின்னம்மாவே வந்து, "அக்கா, எனக்கு ஒண்ணும் இல்லன்னு சொல்லிச் சொல்லித்தான் இந்தப் பை" என்றதும் கிளம்பினார். முந்தின நாள் குடலைச் சுத்தம் செய்ய மருந்துத் தண்ணீர் குடிக்க வேண்டும். பத்து பதினைந்து தடவை போகும். தண்ணீர் வசதியுள்ள கழிப்பறை பக்கத்திலேயே வேண்டும். அம்மா வீட்டில் அது இல்லை. டவுனில் தோழர் ஒருவர் வீட்டில் தங்கவைத்தோம். ஒரு பாலிப் இருந்தது. அந்தப் பரிசோதனையிலேயே எடுத்துவிட்டார்கள். அடுத்த வாரம் அம்மா களையெடுக்கப் போய்விட்டார். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் இருவர். ஒருவருக்கு மூன்று வருடமும் ஒரு பையும், இன்னொருவருக்கு ஒரு நாள் விடுப்பு.

நீங்கள் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. இந்த வாரம் வீட்டுக்குப் போன் பேசும்போது கேளுங்கள்: மலத்தில் இரத்தம் போகிறதா, சில வாரமாக மலம் கழிக்கிற பழக்கம் மாறியிருக்கிறதா, போய்வந்த பின்னும் இன்னும் இருப்பது போலத் தோன்றுகிறதா, காரணமில்லாமல் உடம்பு இளைக்கிறதா, இரத்தம் குறைவு என்று மாத்திரை சாப்பிட்டும் ஏறவில்லையா. ஒன்றுக்கு ஆம் என்றாலும் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். பெரும்பாலும் அது மூலமாகவோ சாதாரணப் புண்ணாகவோதான் இருக்கும். ஆனால் மூலம் என்று சொல்கிறவர் பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டும். "டாக்டர், உள்ளே பரிசோதித்துப் பார்த்தீர்களா?" என்று கேட்பதற்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது. பெண் மருத்துவர் வேண்டும் என்று கேட்கவும் உரிமை இருக்கிறது.

அம்பேத்கர் படிப்பகங்களில் மாதம் ஒரு மாலை இதைப் பேசுங்கள். செவிலியர் படிப்பும் மருத்துவமும் படிக்கிற நம் பிள்ளைகளை அழையுங்கள். ஒவ்வொரு ஊரிலும் ஆஸ்பத்திரிக்குக் கூடப் போகிற இரண்டு பேர் இருந்தால் போதும். டெலவேரில் சம்பளம் கொடுத்து வைத்த வழிகாட்டிகளின் வேலையைப் பாதி செய்துவிடலாம். மீதிப் பாதியை அரசிடம் கேட்போம்: ஆரம்ப சுகாதார நிலையங்களில் மறைவான பரிசோதனை அறை, இரத்தசோகை மாறாதவர்களுக்கு மலப் பரிசோதனை, மாவட்ட மருத்துவமனைகளில் காத்திருக்க வைக்காத கொலோனோஸ்கோபி, பை மாட்டியவர்களுக்கு மாதாமாதம் இலவசப் பை, தண்ணீர் வரும் கழிப்பறை.

சின்னம்மா இப்போது நடவுக்குப் போவதில்லை. நூறு நாள் வேலையில் தண்ணீர் கொடுக்கிற வேலை பார்க்கிறார். அங்கே வருகிற பெண்களிடம் ஒவ்வொருவராகக் கேட்கிறார், "இரத்தம் கித்தம் போவுதா?" போன மாதம் இரண்டு பேரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார். இரண்டு பேருக்கும் மூலம்தான். பரிசோதித்துப் பார்த்துச் சொன்னார்கள்.

ஜெய்பீம்.